தண்ணியில்லாக் காடா, தலைநகர் பக்கமா?

வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பிக்கப் போகும் அமெரிக்கத் தொண்டர்கள் நாட்டைத் தேர்ந்தெடுக்கலாம்; ஊரைத் தேர்ந்தெடுக்க முடியாது. அந்த ஊரின் பெயர் அறிவிக்கப்படும் நாளுக்கு முன்னும் பின்னும் நடப்பது என்ன?

அரசுப் பள்ளி ஆசிரியர், வங்கி ஊழியர், போலீஸ்காரர் என்று இந்தியாவில் பலருக்கும் பழக்கமான பயம் ஒன்று உண்டு. ஒரு நாள் ஒரு காகிதம் வரும். அதில் ஓர் ஊரின் பெயர் இருக்கும். நல்ல ஊராக இருந்தால் இனிப்பு. இல்லாவிட்டால் 'தண்ணியில்லாக் காட்டில் தூக்கிப் போட்டுவிட்டார்கள்' என்ற புலம்பல். சிபாரிசுக்கு ஆள் இருப்பவர்கள் மறுநாளே தலைமை அலுவலகத்துக்கு ஓடுவார்கள்.

மங்கோலியாவில் கோடைக்காலம் முடியும் வேளையில் இதே பயம் இளம் அமெரிக்கர்கள் சிலரின் முகத்திலும் தெரியும். அவர்களுக்கு ஓடிப்போய்ப் பார்க்க ஒரு தலைமை அலுவலகம் கிடையாது. சிபாரிசுக்கும் ஆள் கிடையாது. சுமார் மூன்று மாதமாக மங்கோலியக் குடும்பங்களோடு தங்கி, மொழியையும் வகுப்பறைப் பாடங்களையும் படித்து முடித்தவர்கள் அவர்கள். இனி இரண்டு ஆண்டுகள் எங்கே வாழ்வது, எந்தப் பள்ளியில் ஆங்கிலம் கற்பிப்பது என்பது அன்றுதான் தெரியும்.

இவர்களை அனுப்புவது அமெரிக்க அரசின் 'பீஸ் கோர்' அமைப்பு. 'அமைதிப் படை' என்று மொழிபெயர்த்தால் தமிழர்களுக்கு வேறு நினைவுகள் வந்துவிடும். இந்தப் படையினர் கையில் துப்பாக்கி இல்லை. பெரும்பாலும் கல்லூரி முடித்த இளைஞர்கள், ஓய்வுபெற்றவர்களும் உண்டு. வயது உச்சவரம்பு இல்லை. சம்பளம் என்று எதுவும் கிடையாது. உள்ளூர்வாசிகளைப் போல வாழ்வதற்குப் போதுமான படியும், பணி முடிந்து ஊர் திரும்பும்போது ஒரு தொகையும் உண்டு. 1961 மார்ச்சில் அதிபர் ஜான் கென்னடி ஓர் ஆணையின் மூலம் தொடங்கிவைத்த இந்த அமைப்பில் இதுவரை 2,40,000-க்கும் அதிகமானோர் பணியாற்றியிருக்கிறார்கள். பல துறைகள் இருந்தாலும் ஆசிரியர் பணிக்குத்தான் அதிகம் பேர் போகிறார்கள்.

ஊர் அறிவிக்கும் நாளைச் சடங்குபோல நடத்துவது பல நாடுகளில் வழக்கம். மைதானத்திலோ கூடத்திலோ தரையில் நாட்டின் வரைபடம் பெரிதாக வரையப்படும். ஒவ்வொரு பெயராக அழைப்பார்கள். அழைக்கப்பட்டவர் தன் ஊர் இருக்கும் இடத்தில் போய் நிற்க வேண்டும். கடைசிப் பெயரும் வாசிக்கப்பட்டபின் பார்த்தால் நட்புகளின் புதிய பூகோளம் தரையில் தெரியும். மூன்று மாதம் ஒன்றாகச் சாப்பிட்ட இருவர் வரைபடத்தின் எதிரெதிர் முனைகளில் நிற்பார்கள். அதிகம் பேசிப் பழகாத ஒருவர் பக்கத்து ஊர்க்காரராகியிருப்பார். சிலர் சிரிப்பார்கள். சிலர் கண்ணீரைத் துடைத்துக்கொள்வார்கள். பெரும்பாலானோர் அந்தப் பெயரை எப்படி உச்சரிப்பது என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஒரு காலத்தில் நாடுகூட அவர்கள் கையில் இல்லை. விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். ஆப்பிரிக்காவா, பசிபிக் தீவா என்பதைத் தபாலில் வரும் உறையைப் பிரித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். 2014-ல் இந்த முறை மாறியது. எந்த நாட்டுக்கு, எந்த வேலைக்கு என்று குறிப்பிட்டு விண்ணப்பிக்க வழி ஏற்பட்டது. ஆனால் ஊரை ஒதுக்கும் உரிமை அந்தந்த நாட்டு அலுவலகத்திடமே இருக்கிறது.

பரப்பில் மங்கோலியா ஏறக்குறைய பாதி இந்தியா. மக்கள்தொகை சுமார் 35 லட்சம்தான். சென்னைப் பெருநகரில் வாழ்பவர்களில் பாதிகூட இல்லை. அதிலும் கிட்டத்தட்டப் பாதிப் பேர் தலைநகர் உலான்பாத்தரில் குவிந்திருக்கிறார்கள். மீதிப் பேர் 21 மாகாணங்களில், முந்நூறுக்கும் மேற்பட்ட வட்டங்களில் சிதறியிருக்கிறார்கள். மாகாணத்தை அங்கே 'ஐமக்' என்றும் வட்டத்தை 'சோம்' என்றும் அழைக்கிறார்கள். ஐமக் தலைநகர் என்றால் கடைத்தெரு, மருத்துவமனை, அடுக்குமாடிக் குடியிருப்பு எல்லாம் இருக்கும். சோம் என்றால் ஒரு பள்ளி, சிறு மருத்துவமனை, சில கடைகள், சுற்றிலும் புல்வெளி. எங்கே போகிறோம் என்பதைப் பொறுத்து இரண்டு ஆண்டுகளின் நிறமே மாறிவிடும்.

ஒருவருக்கு அடுக்குமாடி வீடும் குழாயில் வெந்நீரும் அமையலாம். இன்னொருவருக்குக் கம்பளியால் ஆன வட்டக் கூடாரமான 'கெர்' கிடைக்கலாம். நடுவில் இரும்பு அடுப்பு, தெற்கு பார்த்த வாசல், வெளியே கழிவறை. குளிர்காலத்தில் வெப்பம் மைனஸ் 30, 40 டிகிரிவரை இறங்கும் நாட்டில் அடுப்பு மூட்டத் தெரிவது ஆங்கில இலக்கணத்துக்கு முன்னால் கற்க வேண்டிய பாடம். இரவில் அணைந்துவிட்டால் காலையில் வாளித் தண்ணீர் பனிக்கட்டி.

மேற்குக் கோடியில் இருக்கும் பயான்-உல்கீ மாகாணம் இன்னொரு விதமான சோதனை. உலான்பாத்தரிலிருந்து சாலை வழியே 1,600 கிலோமீட்டருக்கும் மேல். அங்கே பெரும்பான்மையினர் கசக் இன முஸ்லிம்கள். வீட்டிலும் சந்தையிலும் கேட்பது கசக் மொழி. மாதக்கணக்கில் மங்கோலிய மொழியை உருப்போட்டவருக்கு இந்த ஊர் ஒதுக்கப்பட்டால் மறுபடியும் அகரத்திலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

குலுக்கல் அல்ல

இதையெல்லாம் தொண்டரின் அதிர்ஷ்டம், துரதிர்ஷ்டம் என்று பார்ப்பது பாதிக் கதைதான். ஊர் ஒதுக்கீடு சீட்டுக் குலுக்கல் அல்ல. தொண்டர் விமானம் ஏறுவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே மறுமுனையில் வேலை தொடங்கிவிடுகிறது.

முதலில் கேட்க வேண்டியது பள்ளி. எங்களுக்கு ஓர் ஆங்கில ஆசிரியர் வேண்டும், அவரோடு சேர்ந்து கற்பிக்க எங்கள் ஆசிரியர் ஒருவர் இருக்கிறார், தங்க இடம் தருகிறோம் என்று அது முன்வர வேண்டும். பிறகு அலுவலக ஊழியர்கள் ஊருக்குப் போகிறார்கள். கதவில் உறுதியான பூட்டு இருக்கிறதா, பள்ளிக்கு நடந்து போகும் வழி பாதுகாப்பானதா, நோய் வந்தால் எவ்வளவு நேரத்தில் மருத்துவரை அடையலாம், தொலைபேசி எடுக்கிறதா என்று பார்க்கிறார்கள். தலைமை ஆசிரியரிடம் பேசுகிறார்கள். இதில் தேறாத ஊர்கள் பட்டியலிலிருந்து விழுந்துவிடும்.

இன்னொரு பக்கம் பயிற்சியில் இருப்பவர்களிடம் பேட்டி. தனியாக இருக்கப் பழக்கமா? சிறிய ஊரா, பெரிய ஊரா? என்ன மருந்து சாப்பிடுகிறார்? மொழி எவ்வளவு வந்திருக்கிறது? சைவமா? ஆட்டு இறைச்சியும் பாலும்தான் உணவு என்றிருக்கும் நாட்டில் இந்தக் கடைசிக் கேள்வி சாதாரணமானதல்ல. தொண்டரின் விருப்பம் கேட்கப்படுகிறது, வாக்குறுதி தரப்படுவதில்லை. ஆஸ்துமா இருப்பவரை நிலக்கரிப் புகை சூழ்ந்த ஊருக்கு அனுப்ப முடியாது. ஏற்கெனவே வகுப்பறை அனுபவம் உள்ளவரை, ஆசிரியர்களுக்கே பயிற்சி தேவைப்படும் பள்ளிக்கு அனுப்புவதுதான் நியாயம். கடைசியில் ஊருக்கு ஆளைப் பொருத்துகிறார்கள். ஆளுக்கு ஊரைப் பொருத்துவது முடிந்த மட்டும்தான்.

அந்த ஊர்கள் ஏன் கேட்கின்றன? பதில் மங்கோலியாவின் சமீப வரலாற்றில் இருக்கிறது. 1990-ல் ஜனநாயக மாற்றம் வரும்வரை சோவியத் யூனியனின் நிழலில் இருந்த நாடு அது. பள்ளிகளில் அந்நிய மொழி என்றால் ரஷ்ய மொழி. மாற்றத்துக்குப் பின் காற்று திசை திரும்பியது. எல்லோரும் ஆங்கிலம் கேட்டார்கள். கற்பிக்க ஆள் இல்லை. நேற்றுவரை ரஷ்ய மொழி நடத்திய ஆசிரியர்கள் அவசர அவசரமாக ஆங்கிலம் கற்று, மறுநாள் அதையே மாணவர்களுக்கு நடத்தினார்கள். பீஸ் கோர் தொண்டர்கள் 1991-ல் அங்கே கால் வைத்தது இந்தப் பின்னணியில்தான். 2004 முதல் 2006 வரை பிரதமராக இருந்த எல்பெக்டோர்ஜ் ஆங்கிலத்தைப் பள்ளிகளின் முக்கிய அந்நிய மொழியாக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே பேசினார். வடக்கே ரஷ்யா, தெற்கே சீனா என்று இரண்டு பெரிய அண்டை நாடுகளுக்கு நடுவே சிக்கியிருக்கும் நாட்டுக்கு மூன்றாவது ஒரு வாசல் தேவைப்பட்டது.

அந்த வாசல் தலைநகரில் சீக்கிரமே திறந்துகொண்டது. தனியார் பள்ளிகள், மாலை வகுப்புகள், வெளிநாடு போய்த் திரும்பியவர்கள் என்று உலான்பாத்தரில் ஆங்கிலம் கற்க வழிகள் பெருகின. மேய்ச்சல் குடும்பத்துப் பிள்ளைக்கு அந்த வசதி இல்லை. பெற்றோர் ஆடு, மாடு, குதிரைகளோடு புல்வெளியில் இடம் மாறிக்கொண்டிருக்க, பிள்ளை சோம் மையத்தில் பள்ளி விடுதியில் தங்கிப் படிக்கும். அந்தப் பிள்ளையும் தலைநகர் மாணவனும் பல்கலைக்கழக வாசலில் ஒரே வரிசையில்தான் நிற்க வேண்டும். அதனால்தான் தொண்டர்கள் பலர் ஊர் ஊராகச் சிதறடிக்கப்படுகிறார்கள். உள்ளூர் ஆசிரியர்களே போகத் தயங்கும் ஊருக்கு வெளிநாட்டு ஆசிரியர் வேண்டியிருப்பது இந்திய வாசகர்களுக்கு விளக்க வேண்டிய விஷயமல்ல.

கானாவிலிருந்து விக்ரோளி வரை

முதல் தொண்டர் குழு 1961 ஆகஸ்ட் 30 அன்று கானாவின் தலைநகர் அக்ராவில் இறங்கியது. ஐம்பது பேர் அளவிலான அந்தக் குழுவினர் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களாகப் பணியாற்ற வந்தவர்கள். மறு ஆண்டு எத்தியோப்பியாவுக்கு ஒரே தவணையில் 300 பேருக்குச் சற்றுக் குறைவாகத் தொண்டர்கள் போனார்கள். அந்நாட்டின் உயர்நிலைப் பள்ளிகளில் ஆசிரியர் பஞ்சம் அவ்வளவு கடுமையாக இருந்தது. அங்கே அவர்கள் சந்தித்த சக ஆசிரியர்களில் பலர் இந்தியர்கள். கேரளத்திலிருந்தும் இந்தியாவின் மற்ற பகுதிகளிலிருந்தும் ஒப்பந்தத்தில் சென்று, சிறு ஊர்ப் பள்ளிகளில் பெட்டியைப் பிரித்தவர்கள். அமெரிக்கத் தொண்டர் இரண்டு ஆண்டில் கிளம்பிவிடுவார். இந்திய ஆசிரியர்களில் பலர் அதையும் தாண்டி அங்கேயே இருந்தார்கள்.

இந்தியாவும் ஒரு காலத்தில் இந்த வரைபடத்தில் இருந்தது. 1961 முதல் 1976 வரை பல மாநிலங்களில் விவசாயம், கோழி வளர்ப்பு, சுகாதாரம், கல்வி என்று தொண்டர்கள் பணியாற்றினார்கள். அவர்களில் பின்னாளில் பிரபலமானவர் ஒரு மூதாட்டி. 68 வயதில் விண்ணப்பித்த லில்லியன் கார்ட்டருக்கு ஒதுக்கப்பட்ட இடம் பம்பாய்ப் புறநகரான விக்ரோளியின் கோத்ரேஜ் குடியிருப்பு. 1966 முதல் 1968 வரை அங்கே சுகாதாரப் பணியில் இருந்தார். அவர் ஊர் திரும்பி எட்டு ஆண்டுகள் கழித்து நடந்த தேர்தலில் மகன் ஜிம்மி கார்ட்டர் அமெரிக்க அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

ஊர் ஒதுக்கீடு ஒரு மனிதரின் வாழ்க்கையை எப்படித் திருப்பும் என்பதற்கு அடிக்கடி சொல்லப்படும் உதாரணம் பீட்டர் ஹெஸ்லர். 1996-ல் சீனாவில் இவருக்குக் கிடைத்த இடம் யாங்ட்ஸி நதிக்கரையில் இருந்த ஃபூலிங் என்ற சிறு நகரம். அப்போது அங்கே ரயில் கிடையாது. படகில்தான் போக வேண்டும். ஊரில் அவரையும் உடன் வந்த இன்னொரு தொண்டரையும் தவிர அமெரிக்கர் யாரும் இல்லை. உள்ளூர் ஆசிரியர் கல்லூரியில் இரண்டு ஆண்டுகள் ஆங்கில இலக்கியம் கற்பித்தார். அந்த அனுபவத்தை அவர் எழுதிய புத்தகம் 2001-ல் வெளியாகி அவரைப் புகழ்பெற்ற எழுத்தாளராக்கியது. ஆனால் ஃபூலிங்கின் கணக்கில் வரவு வேறு: அவரிடம் படித்தவர்களில் பலர் சிற்றூர்ப் பள்ளிகளில் ஆங்கில ஆசிரியர்களானார்கள். பீஸ் கோர் 1993-ல் சீனாவில் தொடங்கிய பணி 2020-ல் முடிவுக்கு வந்தது.

உயிரும் விலையும்

ஊர் ஒதுக்கீட்டில் தவறு நடந்தால் இழப்பு வெறும் மனக்கசப்போடு நிற்பதில்லை. தனியாக, தொலைவில், மொழி அரைகுறையாகத் தெரிந்த நிலையில் இருப்பவர் தொண்டர். மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டில் ஒரு கிராமத்தில் ஆங்கிலம் கற்பித்து வந்த 24 வயது அமெரிக்கப் பெண் 2009-ல் கொல்லப்பட்டார். பள்ளி மாணவிகளிடம் ஒருவர் தவறாக நடந்துகொள்வதாக அதற்குமுன் அவர் அமைப்புக்குத் தெரிவித்திருந்தார். தகவல் தந்தது யார் என்ற ரகசியம் காக்கப்படவில்லை என்பது குடும்பத்தின் குற்றச்சாட்டு. அமெரிக்காவில் பெரும் கண்டனம் எழுந்தது. 2011-ல் அவர் பெயரிலேயே ஒரு சட்டம் நிறைவேறியது. புகார் கொடுப்பவரின் அடையாளத்தைக் காப்பது, பாலியல் வன்முறையைத் தடுக்கவும் பாதிக்கப்பட்டவருக்கு உதவவும் ஊழியர்களைப் பயிற்றுவிப்பது போன்றவை அந்தச் சட்டத்தால் கட்டாயமாயின. கதவில் என்ன பூட்டு என்று இன்று சரிபார்ப்பதற்குப் பின்னால் இப்படிப்பட்ட கசப்பான பாடங்கள் இருக்கின்றன.

பாதுகாப்பைத் தாண்டி இன்னொரு விமர்சனமும் தொடக்கத்திலிருந்தே உண்டு. ஆசிரியப் பயிற்சியில் பட்டம் பெறாத இருபத்திரண்டு வயதுப் பட்டதாரி, தாய்மொழி ஆங்கிலம் என்ற ஒரே தகுதியோடு ஓர் ஊருக்கு வந்து என்ன சாதிப்பார்? முதல் ஆறு மாதம் ஊரைப் புரிந்துகொள்ளவே சரியாகிவிடும். புரிந்து வேலை சூடுபிடிக்கும்போது மூட்டை கட்டும் நேரம் வந்துவிடும். தொண்டர் அந்த ஊரிலிருந்து எடுத்துச் செல்வது அதிகமா, விட்டுச் செல்வது அதிகமா என்ற கேள்வி நியாயமானது.

பீஸ் கோரின் பதில், தொண்டரைத் தனி ஆசிரியராக நிறுத்தாமல் உள்ளூர் ஆசிரியரோடு இணைப்பது. ஒரே வகுப்பறையில் இருவர். பாடத் திட்டத்தை இருவரும் சேர்ந்து எழுதுகிறார்கள். உச்சரிப்பும் உரையாடலும் தொண்டரிடமிருந்து வருகின்றன. எந்த மாணவனுக்கு எது புரியவில்லை என்பது உள்ளூர் ஆசிரியைக்குத் தெரியும். இலக்கணத்தில் பல நேரம் ஆசிரியை கெட்டி. தன் மொழியின் விதிகளைத் தொண்டர் அவரிடம் கற்றுக்கொள்வதும் நடக்கும். இந்த ஜோடி பொருந்தினால் ஊர் எவ்வளவு தொலைவாக இருந்தாலும் வேலை நடக்கிறது. பொருந்தாவிட்டால் வெந்நீர்க் குழாய் இருந்தும் பயனில்லை. அறிவிப்பு நாளில் வரைபடத்தில் நின்றவர்கள் பார்த்தது தூரத்தை. பார்த்திருக்க வேண்டியது அந்தப் பள்ளியில் தங்களுக்காகக் காத்திருப்பவரின் பெயரை.

இந்த ஏற்பாட்டுக்கு 2020-ல் ஒரு பரீட்சை வந்தது. கொரோனா பரவத் தொடங்கியதும் மங்கோலியாவிலிருந்த தொண்டர்கள் பிப்ரவரியிலேயே வெளியேற்றப்பட்டார்கள். மார்ச்சில் உலகெங்கும் 60-க்கும் மேற்பட்ட நாடுகளில் இருந்த சுமார் 7,000 பேரும் திரும்ப அழைக்கப்பட்டார்கள். அமைப்பின் வரலாற்றில் முதல்முறையாக உலகின் எந்த ஊரிலும் ஒரு தொண்டர்கூட இல்லை. பலருக்கு மாணவர்களிடம் விடைபெறக்கூட நேரம் கிடைக்கவில்லை. இரண்டு ஆண்டு இடைவெளிக்குப் பின் 2022 மார்ச்சில் ஜாம்பியாவுக்கும் டொமினிக்கன் குடியரசுக்கும் முதல் தொண்டர்கள் போனார்கள். பிறகு மங்கோலியாவுக்கும் திரும்பினார்கள்.

அந்த இடைவெளியில் சோம் பள்ளிகளில் ஆங்கிலப் பாடம் நின்றுவிடவில்லை. உள்ளூர் ஆசிரியை நடத்தினார். சேர்ந்து எழுதிய பாடத் திட்டங்கள் அவர் கையில் இருந்தன. மங்கோலியாவில் ஆசிரியரை 'பக்ஷ்' என்று மரியாதையோடு அழைப்பார்கள். புதிதாக வரும் அமெரிக்கருக்கும் முதல் நாளே அந்தப் பட்டம் கிடைத்துவிடுகிறது. அதற்குத் தகுதியாவதற்குத்தான் இரண்டு ஆண்டு.

செப்டம்பர் 1 அன்று நாடு முழுவதும் பள்ளி திறக்கும். புதிய தொண்டர் தன் பெயரைக் கரும்பலகையில் எழுதும்போது பக்கத்தில் அந்த ஆசிரியை நிற்பார். அவருக்கு யாரும் வரைபடம் விரித்து ஊரின் பெயரை அறிவிக்கவில்லை. இதற்கு முன் வந்த தொண்டருக்கும் அடுப்பு மூட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். அடுத்து வரப்போகிறவருக்கும் அவரே கற்றுக்கொடுப்பார்.